தொட்ட குதிரை

வாசகர்களே, உங்களில் சதுரங்கம் ஆடத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பது அந்த விளையாட்டின் சட்டம். காய் கோணலாக நிற்கிறது, நேராக வைக்க வேண்டும் என்றால்கூட, முதலில் எதிராளியிடம் சொல்லிவிட்டுத்தான் கை வைக்கலாம். ஆடத் தெரியாதவர்கள் இந்த ஒன்றை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கும்பகோணத்தில் ஒரு வாசகசாலையின் மாடியில் எங்கள் சதுரங்க சங்கம் நடந்து வந்தது. 1972-ஆம் வருஷம் ஐஸ்லாந்தில் ஃபிஷரும் ஸ்பாஸ்கியும் மோதினார்கள் அல்லவா, அந்தச் செய்திகளைப் படித்து எங்களுக்குப் பிடித்த பைத்தியந்தான் அந்தச் சங்கம். பலருக்குப் பைத்தியம் தெளிந்துவிட்டது. தெளியாத ஏழெட்டுப் பேரில் என் சிநேகிதர் ஒருவர்.

அவர் ஒரு பாத்திரக் கடையில் கணக்கெழுதி வந்தார். ஆட்டம் கற்றது பாட்டனாரிடம், திண்ணையில். அந்த நாட்டு ஆட்டத்தில் சிப்பாய்க்கு முதல் நடையிலும் ஒரே கட்டந்தான். ஆனால் ராஜா ஒரே ஒரு தடவை குதிரை மாதிரி தாவலாம். சங்கத்துக்கு வந்து மேல்நாட்டுச் சட்டங்களைக் கற்றுக்கொண்டார். என்றாலும் ராஜா மூலையில் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம், "எங்கள் தாத்தா வீட்டு ராஜாவாயிருந்தால் இந்நேரம் தாவியிருப்பான், ஓய்!" என்று பெருமூச்சு விடுவார். 1988-ல் விசுவநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது, கடையில் முன்பணம் வாங்கி எங்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தார். ஆனந்தே வந்திருந்தால்கூட அவ்வளவு பூரித்திருக்க மாட்டார்!

இனி நான் சொல்ல வந்த சமாசாரம். 1979-ல் சங்கத்தின் வருஷப் போட்டி. கடைசி ஆட்டம் எனக்கும் அவருக்கும். நான் குதிரையைத் தொட்டேன். தொட்ட கணத்திலேயே தெரிந்துவிட்டது, அது நகர்ந்தால் ராணி போய்விடும் என்று. சட்டென்று கையை இழுத்து யானையை நகர்த்தினேன்.

"குதிரையைத் தொட்டீரே, ஓய்?" என்றார்.

"இல்லையே!" என்றேன்.

நடுவர் கீழே காபி சாப்பிடப் போயிருந்தார். சிநேகிதர் என் முகத்தைப் பார்த்தார். "நீர் இல்லை என்றால் இல்லைதான்" என்று சொல்லிவிட்டுப் பலகைமேல் குனிந்துகொண்டார். அரைமணி நேரத்தில் தோற்றும் போனார்.

பரிசு ஓர் எவர்சில்வர் கூஜா. உபயம், அவர் வேலை பார்த்த கடை. மறுநாள் அவரே அதை எடுத்துக்கொண்டு போய், என் பெயரை வெட்டுவித்து, புளி போட்டுத் துலக்கி வீட்டில் கொண்டு வந்து கொடுத்தார். பெயருக்குக் கீழே 'முதல் பரிசு' என்றும் வெட்டியிருந்தது. அது அவருடைய சொந்தச் செலவு.

அதற்கப்புறம் நாற்பத்தைந்து வருஷம் ஞாயிறுதோறும் ஆடினோம். அந்தக் குதிரையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டேன். வட்டி ஏறிய கடன் மாதிரி, வருஷம் ஆக ஆக வாயைத் திறப்பது சிரமமாகிவிட்டது.

2024 டிசம்பர் 12-ஆம் தேதி, சிங்கப்பூரில் பதினெட்டு வயது குகேஷ் உலக சாம்பியன் ஆனபோது அவர் படுத்த படுக்கையாயிருந்தார். அந்தக் கடைசி ஆட்டத்தைப் பலகையில் ஆடிக் காட்டச் சொன்னார். கூஜாவில் கஞ்சி எடுத்துக்கொண்டு போய், கட்டில் ஓரத்தில் பலகையை வைத்து ஒவ்வொரு காயாக நகர்த்தினேன். டிராவில் முடிய வேண்டிய ஆட்டம். சீன வீரர் டிங் லிரென் தம் ஐம்பத்தைந்தாவது நடையில் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். மூன்று நடைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சிநேகிதர் வெகுநேரம் அந்த யானையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாவம்! ஆனால் எப்படி எழுந்து கைகொடுத்திருப்பான், பார்த்தீரா?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். களைப்புத்தான் என்று நினைத்துக்கொண்டு, கூஜாவைக் கழுவி எடுத்துக்கொண்டு திரும்பினேன். தை பிறந்து நாலாம் நாள் போய்விட்டார்.

காரியமெல்லாம் ஆன பிறகு அவர் மனைவி பலகையையும் காய்களையும் என் வீட்டுக்கே கொண்டு வந்து கொடுத்தார். "உங்கள் இருவரில் யார் கெட்டிக்காரர், அண்ணா?" என்று கேட்டார்.

"அவர்தான், அம்மா" என்றேன்.

"அவர் அப்படிச் சொல்ல மாட்டாரே! 1979-லேயே நீங்கள் ஜெயித்துக் காட்டிவிட்டீர்களாமே. வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்" என்றார் அந்த அம்மாள்.