சூழ்வார் யார்?

ஒரு சொல்லின் பொருட்டு மாணவி ஒருத்தியிடம் மன்னிப்புக் கேட்க நேர்ந்ததை இன்று எழுதுகிறேன்.

ஐந்தாம் ஆண்டு மாணவி அவள். 'என் தாத்தா' என்னும் கட்டுரையில், "என் தாத்தா சூழ்ச்சியில் வல்லவர். தோட்டத்து மக்கள் அவரைக் கலந்து பேசிய பின்னரே எந்த வேலையிலும் இறங்குவர்" என்று எழுதியிருந்தாள். 'சூழ்ச்சி'யைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, 'பிழை. இது தீயவர்க்குரிய சொல்' என்று குறித்தேன். வகுப்பிலும் அதைச் சொல்லிவிட்டேன். சிலர் சிரித்தனர். அவள் தலைகுனிந்தாள்.

அன்றிரவு திருக்குறளைப் புரட்டினேன். 445ஆம் குறளில் 'சூழ்வார்' என்பவர் அரசனுக்குக் கண் போன்றவர். ஆராய்ந்து வழி சொல்லும் அமைச்சர். அக்குறளில் மட்டும் 'சூழ்' மும்முறை வருகிறது. 671ஆம் குறளில் சூழ்ச்சி என்பது துணிவு பிறக்கும் வரை ஆராய்வது. 204ஆம் குறளோ பிறர்க்குக் கேடு சூழ்வதை விலக்குகிறது. 'கேடு' என்று தனியே சொல்ல வேண்டியிருந்ததைக் கவனியுங்கள். சூழ்தலில் மட்டும் தீமை இல்லை. எதைச் சூழ்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

சூழ்தல் என்றால் சுற்றி வளைத்தல். சூழல், சூழ்நிலை எல்லாம் அவ்வேரில் பிறந்தவையே. ஒரு செயலை நாற்புறமும் சுற்றி வந்து எண்ணுகிறவர் சூழ்வார் என்று நான் விளங்கிக்கொள்கிறேன். பிற்காலத்தில் கேடு சூழ்ந்தவர்களே அச்சொல்லைத் தமக்கென்று எடுத்துக்கொண்டார்கள் போலும்!

'மந்திரி'க்கு அந்தக் கதி நேரவில்லை. 'மந்திரம்' என்னும் வடசொல்லுக்கு ஆலோசனை என்றும் பொருள் உண்டு. அதனடியாக வந்த சொல் மலாயில் 'மெந்திரி'யாகி, நம் மாநிலங்களில் மந்திரி பெசாராக இன்றும் பதவியில் இருக்கிறது. நம் சூழ்வார்தான் பதவி இழந்தார்.

மறுநாள் அதே வகுப்பில், "பிழை என்னுடையது" என்று சொல்லி வட்டத்தை அடித்தேன். அச்சொல் தாத்தாவின் வாயிலிருந்தே வந்ததாம். பிறகு அவள் கேட்டாள்: "அப்படியானால் தேர்வில் எழுதலாமா, ஐயா?"

உடனே விடை வரவில்லை. திருத்துபவரும் என்னைப் போலவே வட்டமிடக்கூடும். "தேர்வில் 'திட்டமிடுவதில் வல்லவர்' என்று எழுதம்மா. தாத்தாவிடம் பேசும்போது அவர் சொல்லையே சொல்" என்றேன். அவள் இரண்டையும் ஏட்டில் எழுதி, நடுவில் ஒரு கோடு போட்டுக்கொண்டாள்.