ஜோ கெல்லரின் விழிப்பு

அவலநாடகத் தலைவன் தன் செயலின் உண்மைப் பொருளைத் தானே கண்டுகொண்டு அறியாமையிலிருந்து அறிவுக்கு மாறும் கட்டத்தை அரிஸ்டாட்டில் ‘அனக்னோரிசிஸ்’ என்று குறிப்பிட்டார். 1947இல் பிராட்வேயில் அரங்கேறிய ஆர்தர் மில்லரின் ‘ஆல் மை சன்ஸ்’ நாடகத்தில், இரண்டாம் உலகப் போரின்போது விரிசல் விட்ட விமான எஞ்சின் பாகங்களைக் குறை மறைத்து அனுப்பச் செய்து, 21 விமானிகளின் இறப்புக்குக் காரணமாகி, பழியைக் கூட்டாளியின் தலையில் கட்டிய ஜோ கெல்லர், எல்லாம் குடும்பத்துக்காகவே என்று வாதிடுகிறார். தந்தையின் செயலுக்கு வெட்கி உயிரைவிடத் துணிந்த மகன் லாரியின் கடிதம் வாசிக்கப்படும்போதுதான், மாண்ட விமானிகளும் தம் பிள்ளைகளே என்பது அவருக்குப் புலப்படுகிறது. அன்பின் எல்லையை வீட்டு வேலியோடு முடித்துக்கொண்டதே அவரது அடிப்படைக் குறை. சிறை செல்ல ஒப்புக்கொண்டு உள்ளே போனவர் தம்மைச் சுட்டுக்கொள்வதால், அந்த விழிப்பு பொறுப்பேற்பா, தப்பித்தலா என்பதைத் தீர்மானிக்கும் கடமை பார்வையாளருக்கே வந்துசேர்கிறது.