கண்ணால் மீன் பிடிப்பவர்கள்

புன்டா அலனின் மீன் வழிகாட்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் சிங்கி இறாலிலிருந்துதான் தொடங்க வேண்டும். மெக்சிகோவின் யுகட்டான் தீபகற்பத்தில், கரீபியன் கடலுக்கும் அசென்சியோன் விரிகுடாவுக்கும் நடுவே ஒடுங்கலான ஒரு நிலத்துண்டு தெற்கே இறங்குகிறது. அதன் நுனியில் சில நூறு பேர் வாழும் மீனவ ஊர் இது. துலூம் நகரிலிருந்து 50 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். ஆனாலும் மழை தேங்கிய குழிகளைச் சுற்றிச் சுற்றிப் போனதில் எங்களுக்கு ஒரு முற்பகலே கழிந்துவிட்டது. ஊரையும் அதைச் சூழ்ந்த காட்டையும் கண்டல் மரங்களையும் விரிகுடாவையும் சேர்த்து சியான் கான் உயிர்க்கோளக் காப்பகம் என்று 1986இல் மெக்சிகோ அரசு அறிவித்தது. மறு ஆண்டே யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இங்கே இறாலுக்கு வலை வீசுவதில்லை. கடற்புல் விரிந்த ஆழமற்ற தரையில் ஒரு சிமெண்ட் பலகையைத் தாழ்வான கூரைபோல் நிறுத்தி வைக்கிறார்கள். அதற்குக் காசித்தா என்று பெயர். பகலில் ஒளிய இடம் தேடும் இறால் தானாக வந்து அதன் அடியில் ஒதுங்குகிறது. மீனவர் மூச்சடக்கி முங்கி, பலகைக்குக் கீழே எட்டிப் பார்த்து, அளவு தேறியதை மட்டும் எடுத்து வருகிறார். வாலின் நீளம் 13.5 செண்டிமீட்டருக்குக் குறைந்தால் தொடக்கூடாது. முறை கியூபாவிலிருந்து வந்தது. ஆனால் அதை வைத்து இந்த ஊர் செய்த ஏற்பாடு இந்த ஊருக்கே உரியது. விகியா சீகோ என்ற கூட்டுறவுச் சங்கத்தார் விரிகுடாவின் நீர்ப்பரப்பையே உறுப்பினர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் பங்குக்குள் இன்னொருவர் காசித்தா வைப்பதில்லை, எடுப்பதுமில்லை. வேலியும் கல்லும் இல்லாத எல்லை அது.

எங்கள் வழிகாட்டி அந்தச் சங்கத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். மார்ச் முதல் தேதியிலிருந்து ஜூன் கடைசிவரை இறாலுக்குத் தடைக்காலம். அந்த மாதங்களில் முழுநேரமாகவும், மற்ற காலத்தில் ஆள் வரும்போதும், ஃபிளை தூண்டில்காரர்களை விரிகுடாவுக்குள் கூட்டிப்போகிறார். படகில் அவருடைய அக்கா மகனும் உண்டு. இந்தப் பக்கத்தில் ஒரு படகுக்கு இரண்டு வழிகாட்டிகள் போவது வழக்கம். ஒருவர் படகைத் தள்ள, மற்றவர் தூண்டில்காரர் பக்கத்தில் நின்று மீன் காட்டுவார். தூண்டில் பிடித்தது மெக்சிகோ நகரில் குடியிருக்கும் என் நண்பர். மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர்தான். நான் படகின் நடுப்பலகையில் உட்கார்ந்து பார்க்கப் போனவன்.

ஃபிளை தூண்டிலைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் வழக்கமான தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் தங்கூசியை இழுத்துக்கொண்டு போகும். இதில் கனம் நூலிலேயே இருக்கிறது. தடித்த, மெழுகுபோல் வழவழப்பான நூலைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் சுழற்றி நீட்டி விடுகிறார்கள். அதன் முனையில் மெல்லிய தங்கூசி. அதில் முடியும் நூலும் இறகும் சுற்றிக் கட்டிய முள். நண்டுபோலவோ இறால்குஞ்சுபோலவோ அது நீரில் இறங்க வேண்டும். வாசனை இல்லை, சுவை இல்லை. மீன் பார்த்து ஏமாந்தால்தான் உண்டு. ஆகவே இரை மீனின் கண்ணெதிரில் விழ வேண்டும். அதற்கு மீன் எங்கே என்று முதலில் தெரிய வேண்டும். தொழில் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

விரிகுடா ஏறத்தாழ 740 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதியில் ஆழம் சில மீட்டர்தான். ஓரங்களில் முழங்கால் தண்ணீர். யுகட்டானின் தரை சுண்ணாம்புக் கல். நிலத்தின் மேல் ஆறு ஓடாது. மழை கல்லுக்குள் இறங்கி, நிலத்தடி வழியாக வந்து கண்டல் காட்டிலும் விரிகுடாவிலும் ஊற்றாகக் கொப்பளிக்கிறது. உப்பும் நன்னீரும் கலக்கும் இந்தத் தண்ணீரில்தான் இறால்குஞ்சும் நண்டும் பெருகுகின்றன. அவற்றைத் தேடி மூன்று மீன்கள் வருகின்றன: மகாபி, பலோமெத்தா, சாபலோ. மகாபி கண்ணாடிபோல் பளபளக்கும் உடம்போடு தரையைக் கிளறித் தின்னும். சாபலோ ஆள் உயரத்துக்கு வளரக்கூடியது. மேலே வந்து காற்றை விழுங்கிப் போகும். பலோமெத்தா நம் பாறை மீனின் குடும்பம். தட்டையான வெள்ளி உடம்பு, அரிவாள் வளைவில் கறுத்த வால். மூன்றையும் ஒரே நாளில் பிடித்தால் தூண்டில்காரர்கள் அதைப் பெரிய சாதனையாகக் கருதுகிறார்கள். அதில் கடினமானது பலோமெத்தாதான்.

இயந்திரத்தை நிறுத்தி மேலே தூக்கியதும் படகு முழுவதும் வேறு ஒழுங்குக்கு வந்துவிட்டது. மருமகன் பின்னால் நின்று நீளக் கம்பை ஊன்றித் தள்ளினான். கம்பு தரையில் படும் சத்தம்கூட வராமல் தள்ள வேண்டும். கல்லில் தட்டினால் அந்தத் திட்டே காலியாகிவிடும். பெரியவர் நண்பருக்கு ஒரு எட்டு பின்னால் நின்றார். படகின் முனை மணி பன்னிரண்டு. வலது பக்கம் மூன்று, இடது பக்கம் ஒன்பது. தூரம் அடிக்கணக்கில். இதுதான் இருவருக்கும் பொதுவான பாஷை.

நான் பார்த்தபோது இருந்தது வெயிலும் மினுங்கும் தண்ணீரும் மட்டுமே. துருவமாக்கிய கண்ணாடி நானும் போட்டிருந்தேன். பச்சைத் தரை, வெள்ளை மணல், அவ்வளவுதான். அவரோ நின்ற இடத்திலிருந்து, "பத்து மணி, எண்பதடி, இரண்டு மகாபி, வலப்பக்கம் போகுது" என்றார். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று இடைவேளையில் கேட்டேன். "மீனைத் தேடாதீங்க. மகாபியோட முதுகு தரை நிறத்துலயே இருக்கும், தெரியாது. நிழலு மணல் மேல விழும், அதைப் பாருங்க. வெயில் மறைஞ்சா நிழலும் கிடையாது. அப்ப தண்ணி மேல பாக்கணும். காத்து எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி தண்ணியக் கலைக்கும். ஒரு இடத்துல மட்டும் வேற மாதிரி கலைஞ்சா, அதுக்குக் கீழ யாரோ இருக்காங்க."

யாரோ என்றுதான் சொன்னார்.

பதினோரு மணிவாக்கில் மணல் கலங்கி வெண்மையாகப் புகைந்த ஓர் இடத்தைக் கைகாட்டி மருமகன், "மாமா, திருக்கை" என்றான். பெரியவர் உடனே நண்பரின் தோளைத் தொட்டார். திருக்கை தரையைக் கிளறும்போது நண்டுகள் கிளம்பி ஓடும். அவற்றைத் தின்னப் பலோமெத்தா அதன் முதுகுக்கு மேலேயே கூடப் போகும். ஆகவே இவர்கள் பலோமெத்தாவைத் தேடும்போது திருக்கையையும் தேடுகிறார்கள். கலங்கலின் முன்விளிம்பில் கறுப்பாக ஒரு கீற்று நீரைக் கிழித்து மறைந்தது. இதை நானும் பார்த்தேன்.

"பன்னிரண்டரை. அறுபதடி. பொறுங்க." படகு அங்குலம் அங்குலமாகத் திரும்பியது. காற்று தென்கிழக்கிலிருந்து, நண்பரின் தூண்டில் கையின் மேலேயே அடித்தது. மருமகன் கம்பை ஊன்றிப் படகின் பின்புறத்தை ஒதுக்கி, காற்று மறு பக்கத்துக்குப் போகும்படி செய்தான். யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. "இப்ப." நூல் நீண்டு, நண்டு முள் மீனுக்கு ஒரு முழம் முன்னால் இறங்கியது. "விடுங்க, மூழ்கட்டும். இழு, சின்னதா. நிறுத்து. பாத்துடுச்சு. வருது. நிறுத்து, நிறுத்து." மீன் சரிந்து, வால் மேலே எழுந்து, முள்ளின் மேல் குனிந்து நின்றது. எத்தனை நேரம் என்று சொல்ல முடியவில்லை. பிறகு அவசரமே இல்லாமல் நிமிர்ந்து போய்விட்டது.

நண்பர் தலையில் கை வைத்தார். பெரியவர், "நல்லாப் போட்டீங்க. அது வேண்டாம்னுடுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கலங்கலைப் பார்க்கத் திரும்பினார்.

பலோமெத்தா என்றதும் தூண்டில்காரர்கள் டெல் பிரவுன் என்ற அமெரிக்கரின் பெயரைச் சொல்வார்கள். ஃபிளை தூண்டிலில் 500க்கு மேல் இந்த மீனைப் பிடித்தவர். அவர் கட்டிய மெர்க்கின் என்ற நண்டு முள்ளைத்தான் இன்றும் உலகெங்கும் கட்டுகிறார்கள். அந்த மரியாதை அவருக்கு உரியதே. ஆனால் படகில் உட்கார்ந்து பார்த்தபின் ஒன்று எனக்கு உறுதியாகிவிட்டது: ஒரு மீனை இருவராகவோ மூவராகவோ சேர்ந்துதான் பிடிக்கிறார்கள். மீன் இருப்பதைக் கண்டவர், அதன் போக்கை ஊகித்தவர், காற்றுக்கு ஏற்பப் படகைத் திருப்பியவர், எப்போது இழுப்பது எப்போது நிறுத்துவது என்று சொன்னவர் எல்லாம் வழிகாட்டிகள். வீசியது விருந்தாளி. படத்தில் மீனோடு நிற்பதும் அவரே. ஊரில் ஒரு விடுதியின் சுவரில் வரிசையாக மாட்டியிருந்த படங்களைப் பார்த்தேன். மீனின் பெயர், பிடித்தவர் பெயர், அவருடைய ஊர் எல்லாம் எழுதியிருந்தது. மீனைக் காட்டியவர் யார் என்று எந்தப் படத்திலும் இல்லை. பாடகர் பெயரை மட்டும் அச்சிட்டுப் பக்கவாத்தியக்காரர்களை விட்டுவிட்ட கச்சேரி அழைப்பிதழைக் கண்டால் நமக்கு எவ்வளவு வருத்தமாக இருக்கும்!

மத்தியானத்துக்கு மேல் ஒரு மகாபி கிடைத்தது. நூறு அடிக்கு மேல் ஒரே ஓட்டமாக ஓடியது, ரீல் அலறியது. பெரியவர் மீனைப் பார்க்கவில்லை, அதைச் சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தார். களைத்த மகாபியைச் சீலாவும் சுறாவும் மோப்பம் பிடித்து வரும். அருகில் வந்ததும் அவர் தண்ணீரில் இறங்கி, கையை நனைத்து, மீனை நீருக்கு வெளியே எடுக்காமலே எதிர்முள் இல்லாத முள்ளை ஒரு திருப்பில் கழற்றினார். நண்பர் படம் எடுக்கக் கேட்டபோது, "தண்ணியிலயே வெச்சு எடுங்க" என்றார். வெளியே தூக்கி வைத்திருந்து விட்ட மகாபி நிலை தடுமாறி நீந்தும். தப்பியது போலத் தெரியும், சற்று நேரத்தில் சீலாவின் வாயில் இருக்கும். அவர் கைக்குள் நின்ற மீன் தானாக உதைத்துக் கிளம்பும்வரை காத்திருந்தார்.

மெக்சிகோவின் மீன்வளச் சட்டம் சாபலோவைத் தூண்டில் விளையாட்டுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறது. கரையோரக் கடலில் அதை வணிகத்துக்குப் பிடிக்க முடியாது. ஆனால் இந்தப் பரந்த விரிகுடாவின் ஒவ்வொரு மூலையிலும் காவலர் நிற்க முடியுமா? வேலை செய்வது இன்னொரு கணக்கு. ஒரு பலோமெத்தாவை விற்றால் ஒரு வேளைக் காசு. அதே மீன் உயிரோடு இருந்தால் சீசன்தோறும் அதைத் தேடி ஆள் வருவார்கள். படகுக்கு வேலை, வீட்டு மாடியில் அறை எடுக்க ஆள், பெரியவருடைய அக்காவின் அடுப்புக்கு ஓய்வில்லாத வேலை. இறால் பங்கைக் காத்து வளர்த்த ஊருக்கு இந்தக் கணக்கைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. குஞ்சு இறாலை விட்டுவைத்தால் அடுத்த பருவத்தில் அதுவே பெரிதாகி வரும் என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். கண்ணும் அங்கே பழகியதுதான். இருபது வயதிலிருந்து காசித்தா தேடி முங்கியவருக்கு எந்தத் திட்டின் ஓரத்தில் ஓடை இருக்கிறது, வாடை அடித்துக் குளிர்ந்தால் மீன் எந்தப் பள்ளத்துக்கு ஒதுங்கும் என்பதெல்லாம் ஃபிளை தூண்டிலைத் தொடுவதற்கு முன்பே தெரியும். பேராசிரியர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் அளந்து எழுதக்கூடிய அறிவு அது. அதை நாள் கூலிக்கு வாங்குகிறார்கள்.

கவலைகளும் உண்டு. 2015 முதல் சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி மிதந்து வந்து இந்தக் கடற்கரை நெடுகக் குவிகிறது. கடல் பக்கத்துக் கரையில் அது அழுகி நாறுவதை ஊருக்குள் நுழையும்போதே உணர்ந்தோம். 1988இல் வந்த கில்பர்ட் புயலைப் பற்றி ஊரில் இப்போதும் பேசுகிறார்கள். 2023 டிசம்பரில் துலூமில் விமான நிலையம் திறந்தாகிவிட்டது. ஆட்கள் இனி அதிகம் வருவார்கள். வருவோர் பெருகினால் வருமானமும் பெருகும், ஆனால் பெரிய பணத்தோடு வெளியார் கட்டும் விடுதியில் உள்ளூர்க்காரர் சம்பளத்துக்கு நிற்க நேருமோ என்று பெரியவர் யோசிக்கிறார். சங்கத்துக்கு விரிகுடாவின் இறால் மேல் உரிமை இருக்கிறது. பலோமெத்தாவைக் காட்டும் கண்ணுக்கு அப்படி எந்த உரிமைப் பத்திரமும் கிடையாது.

மருமகன் சங்கத்தில் உறுப்பினர் இல்லை. ஆகையால் இறால் எடுக்க முடியாது. வழிகாட்டுவது ஒன்றே அவனுக்குத் தொழில். சொந்தமாக ஒரு படகு வேண்டும், கடனுக்குப் பழைய இயந்திரம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன் என்றான். இரவில் முள் கட்டப் பழகுகிறான். அன்று பலோமெத்தா குனிந்து பார்த்த நண்டு அவன் கட்டியது. கால்கள் கொஞ்சம் நீளமாகிவிட்டன, அதனால்தான் மீன் சந்தேகப்பட்டது என்பது அவன் கணிப்பு. கத்தரியை எடுத்து அவற்றைக் குறைத்து, மறுநாளுக்கென்று நண்பரின் பெட்டியில் குத்தி வைத்தான்.