அரை மில்லிமீட்டர் ஷீட்

பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு 2018 நவம்பர் 16 எளிதில் மறக்காது. கஜா புயல் கரை கடந்த அந்த ஒரே ராத்திரியில், பிள்ளை மாதிரி வளர்த்த மரங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. அப்படித் தோப்பை இழந்த ஒருவரின் மகன்தான் அவர். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு, ஊரில் டி.வி., இன்வெர்ட்டர், மோட்டார் ஸ்டார்ட்டர் ரிப்பேர் பார்க்கும் சின்னக் கடை வைத்திருக்கிறார்.

மும்முனை மின்சாரம் நள்ளிரவுக்கு மேல் வரும் நாட்களில், அப்பா டார்ச் லைட்டோடு மோட்டார் கொட்டகைக்குப் போவார். வரப்பில் பாம்பு கிடக்கும். அப்பா திரும்பி வரும்வரை அம்மா தூங்க மாட்டார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான், செல்போனிலிருந்தே மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் ஒரு பெட்டியை அவர் செய்தார். அக்கம்பக்கத்தில் பன்னிரண்டு பேர் வாங்கினார்கள். பிறகு கோயம்புத்தூர் வியாபாரி ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஒரே நிபந்தனை, ஆய்வுக்கூடத்தில் சோதித்த ரிப்போர்ட் வேண்டும். புதுக் கன்றுகளுக்குச் சொட்டுநீர்க் குழாய் போட வைத்திருந்த பணத்தை அப்பா எடுத்துக் கொடுத்தார்.

சோதனைகளில் ஒன்று நிலைமின்சாரம் பற்றியது. பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து இரும்புக் கதவைத் தொட்டால் சில சமயம் சுருக்கென்று அடிக்குமே, அதுதான். நமக்கு அது ஒரு துள்ளலோடு போய்விடும். சிப்புகளுக்கு அப்படியில்லை. உலகம் முழுக்க இதற்கு ஐ.இ.சி. 61000-4-2 என்ற விதிமுறைதான் வழிகாட்டி. துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் சாதனத்தின் மீது பொறியைப் பாய்ச்சுவார்கள். 8,000 வோல்ட்டில் நேரடியாகத் தொட்டுப் பாய்ச்சினால், ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் மின்னோட்டம் 30 ஆம்பியர் வரை எகிறும்.

அவர் முதலில் வீட்டிலேயே சோதித்துப் பார்த்தார். அப்போது ஐப்பசி மழை. பழைய பலாமர மேசையில் பெட்டியை வைத்து, கேஸ் அடுப்பு லைட்டரால் பொத்தான்களின் மேல் டிக் டிக்கென்று அடித்தார். பெட்டி அசையவில்லை. அந்தத் தெம்பில் சென்னைக்கு பஸ் ஏறினார்.

ஆய்வுக்கூடத்திலும் மரமேசைதான், 80 சென்டிமீட்டர் உயரம். ஆனால் அதன் மேல் 1.6 மீட்டர் நீளம், 80 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு உலோகத் தகடு. தகட்டின் மேல் அரை மில்லிமீட்டர் தடிமனில் மின்காப்பு ஷீட். அதன் மேல்தான் பெட்டி. தரையில் எர்த் செய்த இன்னொரு தகடு. இரண்டு தகடுகளையும் இணைக்கும் ஒயரின் இரு முனைகளிலும் 470 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள்.

4,000 வோல்ட்டைப் பெட்டி தாங்கியது. 8,000 வோல்ட்டில், பொத்தானின் ஓர இடுக்கு வழியாகப் பொறி உள்ளே புகுந்தது. திரை அணைந்து எரிந்தது. கூடவே ரிலே 'டக்' என்று விழுந்தது. கொட்டகையில் இது நடந்திருந்தால், யாரும் சொல்லாமலே மோட்டார் ஓடத் தொடங்கியிருக்கும்.

"வீட்ல ஒண்ணும் ஆகலையேண்ணே" என்றார்.

வயதான டெக்னீஷியன் சிரித்தார். "மழை மாசத்துல மேசை, காத்து எல்லாமே ஈரம், தம்பி. சார்ஜ் அப்படியே வழிஞ்சு போயிடும். இங்க ஈரப்பதம் 30லேர்ந்து 60 சதவீதத்துக்குள்ள இருக்கணும். அதோட, உங்க மேசையில தகடும் இல்ல, எர்த்தும் இல்ல. பொறி திரும்பிப் போக வழியில்லன்னா, பெட்டிக்குள்ள எங்க ஓடும்?"

பெட்டிக்கு இருந்தது இரண்டு பின் அடாப்டர், எர்த் கிடையாது. அதனால் ஒவ்வொரு அடிக்குப் பிறகும் ரெசிஸ்டர் வைத்த ஒயரால் தொட்டு, தங்கிய சார்ஜை இறக்கிவிட்டே அடுத்ததை அடித்தார்கள். மிச்சம் நின்றால் அடுத்த அடியின் கணக்கு தப்பிவிடும். ஷீட்டையும் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தார்கள்.

கட்டிய பணம் கண்முன் வந்துபோனது. அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அடியில கொஞ்சம் தடிமனான ஷீட் போட்டுப் பாக்கலாமாண்ணே?"

"போடலாம். தகடு தள்ளிப் போகும், பாதிப்பு குறையும். பாஸ் கூட ஆகலாம். ஆனா நாளைக்கு இத இரும்புப் பேனல் மேல திருகி மாட்டுவீங்களே, அங்க யாரு தடிமன் ஷீட் போடுவா?"

அவரிடம் பதில் இல்லை. வெளியே வந்து வீட்டுக்கு போன் போட்டார்.

"அப்பா, ஃபெயில் ஆயிடுச்சு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அப்பா கேட்டார். "ஏற்கெனவே மாட்டுன பன்னெண்டு என்னாச்சுப்பா?"

அந்தக் கேள்வி அவருக்கு அதுவரை தோன்றவே இல்லை.

ஊர் திரும்பியதும் பன்னிரண்டு வீட்டுக்கும் போனார். "நல்லாத்தானே ஓடுது, ஏன் கழட்டுற?" என்று சிலர் கோபப்பட்டார்கள். ஒருவர் பணத்தைத் திருப்பிக் கேட்டார், கொடுத்தார். மூன்று மாதம் உட்கார்ந்து மாற்றினார். பொத்தான்களுக்குப் பின்னால் இடுக்கில்லாமல் ரப்பர் ஷீட் வைத்தார். உள்ளே வரும் ஒயர்களில், அதிக வோல்ட்டேஜ் வந்தால் திசைதிருப்பி விடும் டயோடுகளைப் போட்டார். பெட்டி எந்தக் காரணத்தால் அணைந்து எரிந்தாலும், உத்தரவு வரும்வரை மோட்டார் நின்றே இருக்கும்படி புரோகிராமை எழுதினார்.

இரண்டாவது சோதனையில் அதே மேசை, அதே அரை மில்லிமீட்டர் ஷீட். 8,000 வோல்ட்டில் திரை ஒருமுறை மினுங்கி மீண்டது. ரிலே அசையவில்லை.

சொட்டுநீர்க் குழாய் ஒரு வருடம் தள்ளிப்போனது. அதுவரை அப்பா கன்றுகளுக்குக் குடத்தில் தண்ணீர் ஊற்றினார். கடையிலிருக்கும் பலாமர மேசையில் இப்போது எர்த் செய்த ஒரு அலுமினியத் தகடு கிடக்கிறது. ஆய்வுக்கூடத்துக்கு அது ஈடாகாது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் புதிதாகச் செய்யும் எந்தப் பெட்டியும் முதலில் அந்தத் தகட்டின் மேல் ஏறிவிட்டுத்தான் சென்னைக்குப் போகிறது.