சில்லைத் தொடாதவன்

பிரித்தானியாவின் 2005ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தில் 42ஆம் பிரிவு மிகச் சிறியது. சூதாட்டத்தில் மோசடி செய்வது குற்றம். உச்சத் தண்டனை இரண்டு ஆண்டுச் சிறை. எது மோசடி என்பதற்கு முழு வரைவிலக்கணம் அங்கே கிடையாது. ஏமாற்றுவதும், ஆட்டம் நடக்கும் முறையில் தலையிடுவதும் மோசடியில் அடங்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு மிச்சத்தை நீதிமன்றத்திடம் விட்டுவிடுகிறது. அந்த மிச்சத்துக்குள் அகப்பட்ட ஓர் இளைஞருக்காக நான் வாதாடியிருக்கிறேன். இதை எழுத அவர் சம்மதம் தந்திருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

2013இன் பிற்பகுதி. லண்டனில் ஒரு கசினோவில் ரூலெட் மேசையருகே நின்றவரைப் பொலிஸார் கைதுசெய்திருந்தார்கள். அவருடைய காற்சட்டைப் பையில் ஒரு கைத்தொலைபேசி, காதில் சின்னதொரு ஒலிப்பான். வென்ற பணத்தைக் கசினோ நிறுத்தி வைத்துவிட்டது. பொலிஸ் நிலையத்தில் விசாரணைக்கு முன் தனியாகப் பேசக் கிடைத்த நேரத்தில் நான் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "தம்பி, நீர் சில்லையோ பந்தையோ தொட்டனீரோ?"

"இல்லை அண்ணை. பாத்துக்கொண்டு நிண்டனான். போனை அமத்தினனான். காசு வைச்சனான். வேற ஒண்டும் செய்யேல்லை."

யாழ்ப்பாணத்தில் கணிதம் படித்து, இங்கே வந்து கைத்தொலைபேசி திருத்தும் கடையில் வேலை செய்தவர் அவர். அவர் எழுதிய மென்பொருள் செய்தது என்ன என்பதை அன்றிரவே எனக்கு ஒரு தாளில் வரைந்து காட்டினார். சில்லு ஒரு பக்கம் சுழல்கிறது. பந்து மேல் விளிம்பில் எதிர்ப்பக்கம் ஓடுகிறது. பச்சைப் பூச்சியம் ஒரு குறித்த இடத்தைக் கடக்கும்போது ஒரு தட்டு, ஒரு சுற்று முடிந்து மீண்டும் கடக்கும்போது இன்னொரு தட்டு. சில்லின் வேகம் தெரிந்துவிடும். பந்துக்கும் அப்படியே இரண்டு தட்டு. பந்து எவ்வளவு வேகத்தில் விடப்பட்டாலும், ஏறக்குறைய ஒரே வேகத்துக்குக் குறைந்த பிறகுதான் விளிம்பை விட்டு இறங்கும். ஆகவே ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரத்தைக் கொண்டு அது இறங்கப்போகும் நேரத்தையும், அந்தக் கணத்தில் எந்த எண்கள் கீழே இருக்கும் என்பதையும் கணக்கிடலாம். விடை காதில் கேட்கும்: சில்லின் எந்தப் பகுதி என்று. சரியான எண்ணைச் சொல்லவே முடியாது, ஏனென்றால் பந்து கீழே உலோகத் தடைகளில் பட்டுச் சிதறும்.

சரியான எண் தேவையும் இல்லை. ஐரோப்பியச் சில்லில் 37 எண்கள். ஓர் எண்ணில் வைத்து வென்றால் 35 மடங்கு. கசினோவின் ஆதாயம் 37இல் ஒரு பங்கு, அதாவது 2.7 சதவீதம். விழக்கூடிய இடத்தைப் பாதிச் சில்லுக்குச் சுருக்க முடிந்தாலே அந்த ஆதாயம் கவிழ்ந்து ஆடுபவர் பக்கம் வந்துவிடும். 2012இல் மைக்கேல் ஸ்மோலும் சி கொங் ட்சேயும் வெளியிட்ட ஆய்வில், இப்படி அளந்து வைத்தால் 18 சதவீத ஆதாயம் எதிர்பார்க்கலாம் என்று காட்டியிருக்கிறார்கள். என் கட்சிக்காரர் அந்த ஆய்வை அச்சிட்டு, ஓரங்களில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார்.

இதொன்றும் புதியதல்ல. எட்வர்ட் தோர்ப்பும் கிளோட் ஷனனும் 1961இல் சிகரெட் பெட்டி அளவுள்ள ஒரு கணினியை உடம்பில் கட்டிக்கொண்டு லாஸ் வேகஸில் ரூலெட் ஆடினார்கள். கால்விரலால் அழுத்தும் பொத்தான், காதுக்குள் மெல்லிய கம்பியில் ஒலி. கம்பி அடிக்கடி அறுந்ததுதான் அவர்களுடைய பெரிய தொல்லை. எழுபதுகளின் பிற்பகுதியில் டொய்ன் ஃபார்மரும் நோர்மன் பக்கார்டும் கணினியைச் சப்பாத்துக்குள் வைத்தார்கள். 1985இல் நெவாடா மாநிலம் இதற்கென்றே சட்டம் இயற்றியது: ஆட்டத்தின் முடிவைக் கணிக்க உதவும் கருவியைக் கசினோவில் பயன்படுத்துவது குற்றம். அங்கே போகிறவருக்குச் சட்டம் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடுகிறது. பிரித்தானியா அப்படி ஒன்றும் எழுதவில்லை.

எழுதாமல் விட்டதன் விளைவை 2004இலேயே லண்டன் கண்டது. ரிட்ஸ் கசினோவில் ஒரு ஹங்கேரியப் பெண்ணும் இரண்டு சேர்பிய ஆண்களும் இரண்டு இரவுகளில் 13 லட்சம் பவுண்களை வென்றார்கள். கைத்தொலைபேசிக்குள் லேசர் கருவி இருந்தது என்று செய்திகள் வந்தன. பொலிஸார் பிடித்தார்கள், பணத்தை முடக்கினார்கள். மாதக் கணக்கில் விசாரித்தும் குற்றம் சாட்டவில்லை. பணம் அவர்களுக்கே போனது. ஆனால் அது 1845ஆம் ஆண்டின் பழைய சட்டம் இருந்த காலம். 42ஆம் பிரிவு நடைமுறைக்கு வந்தது 2007இல். ரிட்ஸ் கதையைச் சொல்லி என் கட்சிக்காரரை ஆறுதல்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

புதிய பிரிவில் ஒரு கடினமான உட்பிரிவும் உண்டு. மோசடியால் வெற்றி வாய்ப்புக் கூடியதா, பணம் கிடைத்ததா என்பதெல்லாம் பொருட்டல்ல. "மென்பொருள் சரியாக வேலை செய்யவில்லை, பல இரவுகள் தோற்றேன்" என்று அவர் சொன்னது உண்மை. அவருடைய குறிப்புப் புத்தகமே அதற்குச் சாட்சி. ஆனாலும் அது எதிர்வாதமாகாது. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு வாதம்: அவர் யாரையும் ஏமாற்றவில்லை, எதிலும் தலையிடவில்லை.

அந்தக் குறிப்புப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மென்பொருளை எழுதுவதற்கு முன் அவர் வெறும் கண்ணால் பார்த்து மாதக் கணக்காகக் குறித்தது அது. பந்து எந்தத் தடையில் முதலில் பட்டது, எந்த எண்ணில் நின்றது என்று பக்கம் பக்கமாக. ஒரு சில்லில் பந்து பெரும்பாலும் ஒரே பக்கத்திலேயே இறங்குவதைக் கண்டுபிடித்திருந்தார். மேசை மிக நுட்பமாகச் சரிந்திருக்க வேண்டும். கண்ணால் பார்த்து இதை எழுதியவரை எந்தச் சட்டமும் தண்டிக்காது. ஸ்பெயினில் கொன்சாலோ கார்சியா பெலாயோ சில்லுகளின் கோணலைக் குறித்துவைத்து வென்றபோது, 2004இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர் பக்கமே நின்றது. என் கட்சிக்காரர் கூடுதலாகக் கொண்டுவந்தது நேரத்தை அளக்கும் ஒரு கடிகாரம் மட்டுமே என்பதுதான் என் நிலைப்பாடு. இன்றும் அதையே நம்புகிறேன்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். போனைப் பையில் மறைத்தார். காதில் இருந்ததைத் தலைமுடியால் மறைத்தார். மேசையில் மின்னணுக் கருவிகள் கூடாது என்ற அறிவிப்பு வாசலில் இருந்தது. அறிந்திருந்தால் அவரை ஆட விட்டிருக்க மாட்டார்கள். அப்படியானால் அந்த மறைப்பே ஏமாற்று அல்லவா?

எனக்கு அது போதாது. வீட்டு விதியை மீறியவரை வெளியே அனுப்பலாம், மறுபடி வரவேண்டாம் என்று சொல்லலாம். குற்றவாளி ஆக்குவதற்கு அதைவிடக் கனமான ஒன்று வேண்டும். பந்து ஓடத் தொடங்கிய பிறகும் பந்தயத்தை ஏற்பது கசினோவே எடுத்த முடிவு. பந்து ஓடும்போது வைக்கத் துடிக்கும் கைகளால் அவர்களுக்குத்தான் வருமானம். பந்தை விடுமுன்பே "நோ மோர் பெட்ஸ்" என்று டீலர் சொல்லிவிட்டால் இப்படிப்பட்ட கருவிகள் எல்லாம் அந்த நொடியே பயனற்றுப்போகும். கதவைத் தாங்களே திறந்து வைத்துவிட்டு, உள்ளே வந்து கவனமாகப் பார்த்தவனைச் சிறைக்கு அனுப்பக் கேட்பது நியாயமாக எனக்குப் படவில்லை. விசாரணையில் அவரைப் பதில் சொல்லவிடாமல், இந்த நிலைப்பாட்டை எழுத்தில் கையளித்தேன். தொலைபேசியை ஆராய்ந்த நிபுணர் அதில் லேசரோ, சில்லை நோக்கிப் போகும் எந்தச் சமிக்ஞையோ இல்லை என்றார். பல மாதங்களுக்குப் பின், தண்டனை கிடைக்கும் யதார்த்தமான வாய்ப்பு இல்லையென்று குற்ற வழக்குக் கைவிடப்பட்டது.

பணம் மட்டும் வரவில்லை. பழைய சட்டத்தில் சூதாட்டக் கடனை நீதிமன்றத்தில் கேட்கவே முடியாது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 335ஆம் பிரிவு அந்தத் தடையை நீக்கியது. ஆகவே உரிமையியல் வழக்குத் தொடுத்தோம். அப்போதுதான், 2014 ஒக்ரோபரில், ஃபில் ஐவி வழக்கின் தீர்ப்பு வந்தது. குரொக்ஃபோர்ட்ஸ் கசினோவில் 77 லட்சம் பவுண்களை வென்ற சீட்டாட்டக்காரர். சீட்டின் பின்புறத்தில் வெட்டு ஒழுங்கில்லாத மிக நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டு நல்ல சீட்டுகளை அடையாளம் கண்டார். தாம் செய்தது மோசடி அல்ல என்று அவர் உண்மையாகவே நம்பியதை நீதிபதி ஏற்றார். ஆனாலும் அது மோசடிதான் என்று தீர்ப்பளித்தார்.

என் கட்சிக்காரர் அன்று மாலை போனில் கேட்டார்: "அண்ணை, நான் களவெண்டு நினைக்கேல்லை எண்டதுக்கு இனி மதிப்பில்லையோ?"

"அதுக்கு மட்டும் மதிப்பில்லை, தம்பி. ஆனா உம்மடை வழக்கு வேற."

வேறுதான். ஐவி டீலரைக் கொண்டு சீட்டுகளைத் திருப்பி வைக்கச் செய்தார். அங்கே கை பட்டது, ஆட்டத்தின் நடப்பே மாறியது. இங்கே பந்து தன் வழியில் ஓடியது. இந்த வேறுபாட்டை நீதிபதி முன் வைக்க நான் துடித்தேன். ஆனால் இங்கிலாந்தில் தோற்றவர் எதிர்த்தரப்பின் செலவையும் சுமக்க வேண்டும். எதிரே பெரிய நிறுவனம், மூத்த வழக்கறிஞர்கள். இவருக்கு இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு. சமரசத்துக்கு ஒப்புக்கொண்டார், அதன் விவரம் இரகசியம். நானும் அதையே அறிவுறுத்தினேன். தோல்வியின் விலையைக் கட்ட முடியாதவருக்கு வேறு ஆலோசனை சொல்ல எனக்கு உரிமை இருந்ததாக நினைக்கவில்லை.

2017இல் உச்ச நீதிமன்றம் ஐவியின் மேன்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. மோசடிக்கு நேர்மையின்மை தனியாக நிரூபிக்கப்பட வேண்டியதில்லை என்றது. எதையும் தொடாமல் வெறுமனே அளந்தவரின் நிலை என்ன என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் நேரடிப் பதில் இல்லை. நெவாடாவைப் போல ஒரு தனிப் பிரிவைப் பாராளுமன்றம் இயற்றட்டும். கருவி கூடாதென்றால் கூடாதென்று எழுதட்டும். எனக்குப் பிடிக்காவிட்டாலும் அதை மதிப்பேன். அதுவரை இப்படியொருவர் என்னிடம் வந்தால், பந்து ஓடும்போது பந்தயத்தை ஏற்றது யார் என்பதிலிருந்துதான் என் வாதத்தைத் தொடங்குவேன்.