நெல்லைக்கு மைதானம் முதல்ல வந்துச்சு... டீம் அப்புறம்தான் வந்துச்சு!

ஜூன் பிறந்துவிட்டால் தென்காசி, குற்றாலம் பக்கம் காலையில் கேட்கும் முதல் கேள்வி, "அருவியில தண்ணி விழுதா?" என்பதுதான். சில வருடங்களாக அதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. "இன்னைக்கு சங்கர் நகர்ல யாருக்கும் யாருக்கும் மேட்ச்?"

இரண்டு கேள்விக்கும் காரணம் ஒரே மலைதான். தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்து நிறுத்துகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தப்பி வரும் ஈரக்காற்றுதான் குற்றாலத்தில் சாரலாகத் தூறுகிறது. கிழக்கே போகப் போக ஈரம் போய் வெறும் காற்றுதான் மிஞ்சும். திருநெல்வேலிக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். கேரளம் முழுக்க நனைந்துகொண்டிருக்கும் ஜூலையில், மலைக்கு இந்தப் பக்கம் தைரியமாக கிரிக்கெட் அட்டவணை போட முடிவது இதனால்தான்.

திருநெல்வேலிக்கு வடக்கே, மதுரை ரோட்டில் தாழையூத்தை ஒட்டி இருக்கிறது சங்கர் நகர். 1946-ல் தொடங்கப்பட்ட இந்தியா சிமென்ட்ஸ் நிறுவனம், 1949-ல் தன் முதல் ஆலையை இங்கேதான் ஓட்டியது. சுற்று வட்டாரத்தில் கிடைத்த சுண்ணாம்புக்கல்தான் காரணம். நிறுவனர்களில் ஒருவரான சங்கரலிங்க ஐயரின் பெயரே ஊருக்கும் பெயரானது. ஆலை வந்தது, குடியிருப்பு வந்தது, ஒரு மைதானமும் வந்தது.

அந்த மைதானம் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தது 2016-ல். ஆகஸ்ட் 24-ம் தேதி தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியது. எட்டு அணிகள். ஆட்டங்கள் மூன்றே இடங்களில்: சென்னை சேப்பாக்கம், திண்டுக்கல் அருகே நத்தம், பிறகு இந்த சங்கர் நகர். அதுவரை டி.வி-யில் மட்டும் பார்த்த இரவு ஆட்டத்தை, தென்மாவட்டத்துக்காரர்கள் பஸ் ஏறிப் போய்ப் பார்க்க முடிந்தது.

ஒரு குறை மட்டும் இருந்தது. எட்டு அணிகளில் நெல்லை இல்லை. பக்கத்து ஊர் பாசத்தில் தூத்துக்குடியின் டூட்டி பேட்ரியாட்ஸ் அணிக்குக் கைதட்டினார்கள். அந்த அணிதான் முதல் வருடமே கோப்பையையும் வென்றது. பிறகு அதுவும் சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆகிவிட்டது. இந்த லீகில் அணிகள் ஊர் மாறுவது சகஜம். திருவள்ளூர் வீரன்ஸ் என்று தொடங்கிய அணி காஞ்சி வீரன்ஸ் ஆனது. அதே அணிதான் கடைசியில் நெல்லை ராயல் கிங்ஸ் என்று பெயர் மாறி வந்தது.

வந்த நேரமும் சரியில்லை. கொரோனாவால் 2020-ல் லீகே நடக்கவில்லை. 2021-ல் மொத்த ஆட்டமும் சேப்பாக்கத்தில். நெல்லை என்ற பெயரில் ஓர் அணி இருந்தும், அதை நெல்லையில் பார்க்க முடியவில்லை.

ஒருவழியாக 2022 ஜூன் 23 அன்று சங்கர் நகரில் நெல்லை இறங்கியது. எதிரே நடப்பு சாம்பியன் சேப்பாக் சூப்பர் கில்லீஸ். இரண்டு அணிகளும் 184 ரன். ஆட்டம் சூப்பர் ஓவருக்குப் போய் நெல்லை ஜெயித்தது. நான்கு சீசன் அடுத்த ஊர்க்காரர்களுக்குக் கைதட்டிய கேலரிக்கு அன்றுதான் சொந்தமாகக் கத்த ஓர் ஆள் கிடைத்தது.

அந்த ஆட்டத்தைக் குற்றாலம் ரோட்டில் ஒரு சிப்ஸ் கடையில், போனில் பார்த்தான் மேலகரத்துப் பையன் ஒருவன். அப்பாவின் கடை. வருடத்தில் மூன்று மாதம் ஓடுகிற வியாபாரத்தை வைத்து மீதி ஒன்பது மாதத்தைத் தள்ளுகிற குடும்பம். நேந்திரங்காய் சிப்ஸ், அல்வா, ரம்புட்டான், மங்குஸ்தான் என்று எது விற்றாலும் சாரல் இருக்கும்வரைதான். சங்கர் நகரில் மேட்ச் நடப்பதும் அதே மாதங்களில்தான்.

"ஏலே, சீசன் நேரத்துல கடையப் போட்டுட்டு மேட்சுக்கா போவாக?" என்று அந்த வருடம் அப்பா முடித்துவிட்டார். பையன் மறுபேச்சு பேசவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து வழக்கம்போல பாக்கெட் போட்டான்.

அடுத்த வருடம் நெல்லை அணி பிளே ஆஃப் போனது. இரண்டாவது தகுதிச் சுற்றும் ஃபைனலும் சங்கர் நகரில். தகுதிச் சுற்று 2023 ஜூலை 10, திங்கள்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வடிந்து கடைக்காரர்கள் மூச்சு விடுகிற நாள். இந்த முறை அம்மா பேசினாள். "பிள்ள ரெண்டு வருசமாக் கேக்கான்லா. கடைய நான் பாத்துக்கிடுதேன், நீங்க கூட்டிட்டுப் போயிட்டு வாங்க."

திண்டுக்கல் வைத்த இலக்கு 186. நெல்லை துரத்தியது. 18 ஓவர் முடிந்தபோது 12 பந்தில் 37 ரன் வேண்டும். அப்பா எழுந்துவிட்டார்.

"வாலே, இதை இனிமே யாரு அடிக்கப்போறா? பஸ்ஸை விட்டோம்னா விடிய விடிய பஸ் ஸ்டாண்டுலதான் கெடக்கணும்."

"ஒரே ஒரு ஓவர்ப்பா."

படிக்கட்டில் நின்றபடியே பார்த்தார்கள். அந்த ஒரே ஓவரில் 33 ரன். அஜிதேஷ் குருசாமியும் ரித்திக் ஈஸ்வரனும் அடித்த அடியில், கிளம்பியவர்கள் எல்லாம் திரும்பி ஓடி வந்தார்கள். கடைசி ஓவரில் மிச்சத்தையும் எடுத்து நெல்லை ஃபைனலுக்குப் போனது. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆளின் தோளைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார் அப்பா. மகன் பார்க்கிறான் என்று தெரிந்ததும் கையை எடுத்துக்கொண்டார்.

நினைத்த பஸ் போயிருந்தது. அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அவரே கேட்டார், "ஃபைனல் என்னைக்கிலே?"

ஃபைனலுக்கு அவர்கள் போகவில்லை. கடையை இன்னொரு நாள் விட முடியாது. போனதும் நல்லதுதானோ என்னவோ. கோவை கிங்ஸ் 205 ரன் குவிக்க, நெல்லை 101-க்குச் சுருண்டது. சொந்த மைதானத்தில் 104 ரன் தோல்வி. போனை அணைத்துவிட்டுப் பையன் எண்ணெய்ச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். "நம்ம ஊருக்காரன் ஃபைனல் வரைக்கும் வந்தாம்லா, அதைச் சொல்லு" என்றார் அப்பா. நெல்லை அணியை அவர் "நம்ம ஊர்" என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

சின்ன ஊருக்கு ஒரு மைதானம் என்ன செய்யும் என்று கேட்பவர்கள் உண்டு. இந்த லீகில் திண்டுக்கல் அணிக்கு யார்க்கர் போட்ட நடராஜன், சேலம் பக்கத்துச் சின்னப்பம்பட்டிக்காரர். 2020 டிசம்பரில் இந்திய அணிக்கு ஆடினார். மதுரை அணி 2018-ல் கோப்பை வென்றபோது அதில் சுழற்பந்து வீசிய வருண் சக்கரவர்த்தியும் இப்படித்தான் மேலே போனார். ஆனால் கேலரியில் உட்காருகிற எல்லோரும் நடராஜன் ஆகப்போவதில்லை. மேலகரத்துப் பையன் இன்றும் டென்னிஸ் பந்தில்தான் ஆடுகிறான். அவனுக்கு அந்த மைதானம் கொடுத்தது, அப்பாவோடு ஒரு திங்கள்கிழமை. அதுவும் சாதாரண விஷயம் இல்லை.

இப்படிப்பட்ட இடங்கள் நிரந்தரம் என்று நினைத்துவிடவும் முடியாது. அமெரிக்காவில் பேஸ்பால் பெரிய லீகுக்குக் கீழே சின்ன ஊர் அணிகள் 160 இருந்தன. 2021-ல் 120 போதும் என்று முடிவெடுத்தார்கள். பல தலைமுறை குடும்பத்தோடு போய் உட்கார்ந்த மைதானங்களிலிருந்து ஒரே முடிவில் பழைய லீக் கிளம்பிப் போனது. சங்கர் நகரிலும் அணிகள் பெயர் மாறியிருக்கின்றன. 2024 டிசம்பரில் இந்தியா சிமென்ட்ஸ் நிறுவனமே அல்ட்ராடெக் கைக்குப் போனது. அதற்குப் பிறகும் 2025 சீசனில் சங்கர் நகரில் விளக்கு எரிந்தது. தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆகிவிட்டது. ஆனாலும் இரவு ஆட்டம் பார்க்க அந்த ஊர்க்காரர்கள் போகிற இடம் இன்னும் சங்கர் நகர்தான்.

இப்போது அட்டவணை வெளியானதும் பையனுக்கு முன்னால் போனை வாங்கிப் பார்ப்பது அப்பாதான். எந்த அணி, யார் கேப்டன் என்பதெல்லாம் அவருக்கு அப்புறம். திங்கள்கிழமை மேட்ச் இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறார்.