வாளின் வடு இல்லாதவன்

பட்டினச்சேரிக் கடற்கரையிலிருந்து வந்து எம்மோடு இளங்கலைத் தமிழ் பயின்ற நண்பன் பின்னர் இராணுவத்தில் சேர்ந்தான். பணியிலிருக்கையிலேயே நோயுற்று மறைந்தான்.

1999 மே 29 அன்று, கார்கில் போரில் படாலிக் பகுதியில் வீழ்ந்த மேஜர் சரவணனுக்கு வீர் சக்ரா விருது கிடைத்தது. திருச்சியில் நினைவுச் சின்னமும் உண்டு. எம் நண்பனுக்கு இரண்டுமில்லை.

நோயால் இறந்த மன்னரைத் தருப்பையில் கிடத்தி, 'வீரர் புகும் உலகம் சேர்க' என வாளால் பிளந்து அடக்கம் செய்த வழக்கத்தைப் புறநானூற்றின் 93ஆம் பாடலில் ஔவையார் சொல்கிறார். அவனோடு சேர்ந்தே அதைப் படித்தோம். வடுவை மட்டும் எண்ணும் அந்த அளவுகோல், காவலில் கழிந்த இரவுகளை எண்ணுவதில்லை.

தொல்காப்பியம் கூறும் நடுகல் நிலைகள் ஆறனுள் இறுதியானது வாழ்த்து. கல் நட இயலாத நாம் அதையேனும் செய்வோம்: நண்பா, நீ விழித்திருந்ததும் வீரமே.